ஃபேமிலி ரூமில் ஒரு லேப்டாப்

சேலத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்து வேலை பார்க்க இரண்டு விதமான இடங்கள் உண்டு. ஒன்று, ஃபேர்லாண்ட்ஸ், சாரதா கல்லூரி சாலைப் பக்கம் இருக்கும் ஏசி கஃபேக்கள். இன்னொன்று நான் போகிற இடம். மதியம் வாழையிலை போட்டுச் சாப்பாடு, கல்லாவுக்கு மேலே சாமி படத்தைச் சுற்றி சீரியல் பல்பு, 'இங்கே அரசியல் பேசக் கூடாது' என்று இன்னமும் ஒரு போர்டு. பழைய சைவ ஓட்டல். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து நடந்து போகிற தூரம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என் மேஜையில் வேறு யாராவது சார்ஜரைச் சொருகி உட்கார்ந்திருப்பார்கள்.

என் வேலை, கணக்கு மென்பொருள் ஒன்றுக்கு உதவிக் குறிப்புகள் எழுதுவது. 'இந்தப் பொத்தானை அழுத்தினால் இன்வாய்ஸ் சேமிக்கப்படும்' என்று எழுதுவேன். அடுத்த வெளியீட்டில் அந்தப் பொத்தானையே தூக்கிவிடுவார்கள். மறுபடி எழுதுவேன். கம்பெனி சென்னையில். 2020 ஊரடங்கில் மூட்டை முடிச்சோடு சேலத்துக்கு வந்தவள், பிறகு திரும்பிப் போகவில்லை. மாதத்தில் ஒரு முறை தலையைக் காட்டினால் போதும் என்றார்கள், நானும் சரி என்றேன்.

வீட்டில் இருந்து வேலை பார்ப்பதில் எனக்கு இருக்கும் ஒரே பிரச்சினை, வீடு. அத்தை (மாமியார்) நல்லவர். ஆனால் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அவள் சும்மா இருக்கிறாள் என்பதுதான் அவர் கணக்கு. நின்றுகொண்டு செய்வதுதான் வேலை. 'வீட்லதானே இருக்கே' என்ற ஒரு வார்த்தையில் கேஸ் சிலிண்டர்காரர், பக்கத்து வீட்டுக் கூரியர், தண்ணீர் மோட்டார், மூன்றாவது மாடிக்காரர்களின் சாவி எல்லாம் என் பொறுப்பில் வந்து சேர்ந்தன. அதோடு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வேறு. காலை 9 முதல் மாலை 5 வரை என்று பேப்பரில் பகுதி வாரியாகப் போடுவார்களே, அது. முதன்முதலாக வெளியே கிளம்பியது அப்படி ஒரு நாளில்தான்.

எல்லோரையும் போல நானும் முதலில் கஃபேக்குத்தான் போனேன். அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 180 ரூபாய், ஜிஎஸ்டி 5 சதவீதம் தனி, ஒரு கப்புச்சினோ. அதில் காபிக்கு எவ்வளவு, நாற்காலிக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி நாற்காலிக்குத்தான் போகும். ஏசி, பிளக் பாயின்ட், வைஃபை, யாரும் எழுப்பாத ஒன்றரை மணி நேரம். நியாயமான வாடகை. அந்தக் காபியும் அதற்குத் தகுந்த மாதிரிதான் வருகிறது. பெரிய கோப்பை, மேலே நுரை, மிதமான சூடு. ஆறினாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது, ஏனென்றால் சூடாக இருந்தபோதும் பெரிதாக ஒன்றும் இல்லை. இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மவுஸை நகர்த்தலாம்.

ஃபில்டர் காபியோடு இதெல்லாம் நடக்காது. டவரா டம்ளருக்கு இரண்டு கையும் வேண்டும். டம்ளரின் விளிம்பைத் தவிர வேறெங்கும் தொட முடியாது. ஒரு ஆற்று ஆற்றி, சூடு நாக்குக்குத் தாங்குகிற அந்த இடத்தைப் பிடித்து, நாலைந்து மடக்கில் முடித்துவிட வேண்டும். கொஞ்சம் விட்டால் மேலே ஆடை கட்டும். ஆடை கட்டிய காபியைக் குடிப்பது ஒரு தண்டனை. ஆகவே இந்தக் காபி வந்துவிட்டால் வேலையை நிறுத்தியே ஆக வேண்டும். அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தச் சில நிமிடங்கள் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறேன். பல சமயம் எழுத வராமல் நின்றுபோன வாக்கியம் அப்போதுதான் பிடிபடுகிறது.

இந்த ஓட்டலுக்கு நான் ஒரு திட்டத்தோடெல்லாம் போகவில்லை. பையில் லேப்டாப் இருந்தது, பசித்தது, உள்ளே நுழைந்தேன். தனியாக வந்த பெண் என்றதும் சப்ளையர் தம்பி யோசிக்கவே இல்லை. 'அக்கா, ஃபேமிலி ரூம்' என்று கையைக் காட்டிவிட்டார். அந்தத் தம்பி ஒடிசாக்காரர். தமிழ் முழுக்க இந்த ஓட்டலிலேயே கற்றுக்கொண்டது. அதனால் அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி பலகார வகைகள், மீதி மரியாதை.

ஃபேமிலி ரூம் என்ற ஏற்பாடு எனக்கு எப்போதும் எரிச்சல். பெண்கள் என்றால் தடுப்புக்குப் பின்னால் உட்கார வேண்டுமா என்று கல்லூரி நாட்களில் பொது ஹாலிலேயே வேண்டுமென்று உட்காருவேன். இப்போதும் கொள்கை மாறவில்லை. ஆனால் அந்த அறையில்தான் பிளக் பாயின்ட் இருந்தது. கொசு பேட் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. தம்பி அதைப் பிடுங்கிவிட்டு, 'போடுங்கக்கா' என்றார். கொள்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய ஓட்டலோ சின்ன ஓட்டலோ, சைவ ஓட்டலின் நாளுக்கு ஒரு ஓட்டம் இருக்கிறது. காலை டிபன் கூட்டம் பத்தரைக்குள் வடிந்துவிடும். பன்னிரண்டுக்குச் சாப்பாடு ஆரம்பம். மூன்று மணிக்கு மேல் மறுபடி ஒரு சோம்பல். நாலு மணிக்கு பஜ்ஜி, போண்டா வாசனையோடு அடுத்த கூட்டம். இந்த இடைவெளிகளில் நாற்காலிகள் யாருக்கும் வேண்டியதில்லை. கஃபே நாற்காலியை விற்கிறது. இவர்கள் அதை விற்பதே இல்லை. ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே சும்மா கிடக்கிறது, அவ்வளவுதான்.

இது புரிவதற்கு முன்னால், உட்கார்ந்திருக்கிறோமே என்ற கூச்சத்தில் நெய் ரோஸ்ட், பொங்கல், வடை என்று வரிசையாக ஆர்டர் செய்துகொண்டிருந்தேன். பொங்கல் சாப்பிட்டுவிட்டு யாரும் உதவிக் குறிப்பு எழுத முடியாது. கல்லாவில் இருக்கும் பெரியவர்தான் ஒரு நாள் பில்லைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: 'எதுக்கு கண்ணு வேண்டாததெல்லாம் வாங்குறீங்க. காபி சாப்பிட்டுட்டு இருங்க. பன்னெண்டு மணிக்கு எல போடணும், அது மட்டும் பாத்துக்குங்க.' இதுதான் எங்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம். அதன் பிறகு பதினொன்றே முக்காலுக்கு எனக்கே கை தானாக லேப்டாப்பை மூடுகிறது. யாரும் எழுப்பும்படி வைத்துக்கொண்டதில்லை. கஃபேயில் எத்தனை மணி நேரம் இருந்தால் தப்பு என்பது யாருக்கும் தெரியாது, காலி கோப்பையை எடுக்க வருகிற பையனின் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். இங்கே அந்தச் சங்கடம் இல்லை.

சத்தம் இல்லையா என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. கிரைண்டர் ஓடும். பாத்திரம் கழுவும் இடத்தில் தட்டுகள் விழும். பணம் வந்ததும் கல்லாவில் அந்தப் பெட்டி 'இருபத்தைந்து ரூபாய் பெறப்பட்டது' என்று கத்தும். அடுத்த மேஜையில் ஒருவர் கட்டு இலைகளை அவிழ்த்து, ஒரே வீச்சில் அளவாக நறுக்கி, தண்ணீர் தெளித்து அடுக்குவார். அவர் கத்தி ஓடும் வேகத்தைப் பார்த்தால் என் விரல்களுக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் இதில் எந்தச் சத்தமும் என்னைக் கூப்பிடுவதில்லை. வீட்டில் காலிங் பெல், குக்கர் விசில், அத்தையின் இருமல் எல்லாமே எனக்கு வரும் செய்திகள். எழுந்து போக வேண்டும், அல்லது எழுந்து போகவில்லையே என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே கிரைண்டர் நின்றால் கூட அது என் கவலை இல்லை.

இனி காபி. எழுத உட்கார்ந்தது அதற்காகத்தானே.

காபி மாஸ்டர் சமையலறைக்குள் இருக்க மாட்டார். கல்லாவை ஒட்டி, வாசலைப் பார்த்த மாதிரி அவருக்கென்று ஒரு மேடை. டிகாக்‌ஷன் மணம் தெருவுக்குப் போக வேண்டும் என்பதுதான் அதன் உத்தி. அவர் என்ன தூள் போடுகிறார் என்று கேட்டுப் பார்த்தேன். சிரித்தார். ஆனால் மாஸ்டர் சொல்லாததைப் பாக்கெட் சொல்லிவிடும். சிக்கரி கலந்த தூளில் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும் என்பது நம் உணவுச் சட்டம். காபி 51 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது. கை கழுவப் போகிற வழியில் பார்த்துவிட்டேன்: 65க்கு 35.

சிக்கரி என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படி இல்லை. அது ஒரு வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. வறுத்து அரைத்துக் கலந்தால் டிகாக்‌ஷனுக்கு நிறமும் கனமும் கொடுக்கும், எத்தனை பால் ஊற்றினாலும் காபி வெளுத்துப்போகாது. ஆனால் அதில் காஃபீன் கிடையாது. கறுப்பாக, திக்காக இருப்பதால் 'செம ஸ்ட்ராங்' என்று நினைத்துக் குடிக்கிற காபியில் மூன்றில் ஒரு பங்கு, தூக்கத்தை விரட்டுவதற்குச் சம்பந்தமே இல்லாத வேர். கொஞ்ச நேரத்தில் இன்னொரு மினி காபி கேட்பதற்கு எனக்கு அறிவியல்பூர்வமான காரணம் இருக்கிறது என்று சொல்ல வருகிறேன். வீட்டுக்கு வாங்கும்போது பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்ற இரண்டு கொட்டை வகைகளும் பாதிப் பாதி, சிக்கரி 15 சதவீதம் என்று சொல்லி அரைத்து வாங்குவேன். அது நல்ல காபி. ஆனால் ஓட்டல் காபியின் அந்த அடாவடித்தனம் அதில் வராது.

பாலில்தான் விஷயம் இருக்கிறது என்பார் மாஸ்டர். காலை ஐந்தரையிலிருந்து அடுப்பில் கிடக்கிற பால் பத்து மணிக்குள் சுண்டி, வேறு ஒரு வாசனைக்குப் போய்விடும். 'அது பாயசத்துக்கு ஆகும், காபிக்கு ஆகாதுங்க.' ஆகவே இடைவேளை நேரத்துக் காபி எந்த ஓட்டலிலும் ஆபத்தானது. காலை இறக்கிய டிகாக்‌ஷனின் மிச்சமும் சுண்டிய பாலும் சேர்ந்து ஒருமாதிரி வரும். இவர் பத்தே முக்கால் வாக்கில் புதிதாக ஒரு டிகாக்‌ஷன் இறக்குகிறார், தனக்கும் சமையல்காரர்களுக்கும். ஆரஞ்சு பாக்கெட், அதாவது 6 சதவீதம் கொழுப்புள்ள பால், புதிதாக உடைத்துக் காய்ச்சுவார். ஒரு சொட்டு தண்ணீர் சேர்க்க மாட்டார். அந்தக் கணக்கில் நானும் ஒருத்தியாகச் சேர்ந்துவிட்டது எப்படி என்று தெரியவில்லை. வாடிக்கையாளருக்குப் போடுகிற காபியை விட, வேலை செய்கிறவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொள்கிற காபி எப்போதும் ஒரு படி மேல். எந்த ஓட்டலிலும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

காபி இருபதிலிருந்து இருபத்தைந்து ஆனபோது கல்லாவில் கொஞ்ச நாள் வாக்குவாதம் ஓடியது. 'பிரேசில்ல மழ இல்லையாம், நான் என்ன பண்றது' என்று பெரியவர் ஒவ்வொருவருக்கும் விளக்கினார். அவர் சொன்னது சரிதான். பிரேசில், வியட்நாம் இரண்டிலும் வறட்சி. நியூயார்க் சந்தையில் அரபிகா வகைக் காபி 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டுக்கு நாலு டாலரைத் தாண்டியது. வேடிக்கை என்னவென்றால், ஓட்டல் மொட்டை மாடியில் ஏறி நின்றால் சேர்வராயன் மலை தெரியும். அங்கே 1820களிலேயே சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபிச் செடி வைத்துவிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே தோட்டம் தோட்டமாக இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் விளையும் காபியில் பெரும்பகுதி கப்பல் ஏறிப் போகிறது. அரபிகாவுக்கு நியூயார்க்கிலும் இன்னொரு வகையான ரொபஸ்டாவுக்கு லண்டனிலும் என்ன விலையோ, அதை ஒட்டித்தான் மலையிலும் விலை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பிரேசில், நடுவில் எங்கள் பெரியவர் ஐந்து ரூபாய்க்குத் திட்டு வாங்குகிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதை ஏதோ லேப்டாப்காரர்களின் புதுப் பழக்கம் போல நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பொது ஹாலைக் கொஞ்ச நாள் கவனித்தால் தெரியும். தூணை ஒட்டிய மேஜையில் ஒரு கல்யாணத் தரகர். ரெக்ஸின் பையிலிருந்து ஜாதகங்களை எடுத்துப் பரப்பி, பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் மாறி மாறி போன் போடுவார். இரண்டு பக்கமும் ஒரே காபியில் நடக்கும். கொலுசு வியாபாரி ஒருவர் வருவார். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போனது, தெரியும்தானே. அன்றைய வெள்ளி விலையைக் கேட்டுக் கேட்டுச் சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். எல்ஐசி ஏஜென்ட் ஒருவர், வாடிக்கையாளரை இங்கேயே வரச்சொல்லிப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார். 'ஆபீஸ் எங்க சார்' என்று கேட்டால் இந்த ஓட்டல் பெயரைச் சொல்வாராம். இவர்கள் எல்லாம் எத்தனையோ வருடங்களாக இதைச் செய்கிறார்கள். பிளக் பாயின்ட் வேண்டும் என்பது மட்டும்தான் நான் புதிதாகக் கொண்டுவந்தது.

தரகர் ஒரு நாள் என்னிடம் வந்து, 'மேடம், கம்ப்யூட்டர்ல ஜாதகப் பொருத்தம் பாக்க முடியுமா' என்று கேட்டார். முடியும், ஆனால் என் வேலை அது இல்லை என்றேன். 'நல்லதாப் போச்சு' என்று நிம்மதியாகத் திரும்பிவிட்டார். போட்டிக்கு வந்திருக்கிறேனோ என்று சந்தேகப்பட்டிருக்கிறார்.

குறைகளும் உண்டு. வைஃபை கிடையாது, போனின் ஹாட்ஸ்பாட்தான். பழைய கட்டடம், தடித்த சுவர், ஜன்னல் ஓர மேஜையில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காக நிற்கும். ஃபேன் ஒன்று கடகடவென்று ஆடும். மீட்டிங் எதுவும் இங்கிருந்து பேச முடியாது. ஒரு முறை அவசரத்துக்கு மைக்கைத் திறந்தபோது, எங்கள் டீம் லீட் பேசிக்கொண்டிருந்ததற்கு நடுவே 'ரெண்டு இட்லி ஒரு மெதுவடை, சாம்பார் தனியா!' என்று தெளிவாகக் கேட்டது. லண்டனில் இருந்த வாடிக்கையாளர் நிறுவனத்தில் ஒருவர் தமிழ்க்காரர் போலிருக்கிறது, சிரித்துவிட்டார். அதிலிருந்து லண்டன் அழைப்புகளை மதியம் வீட்டில் வைத்துக்கொள்கிறேன், நேர வித்தியாசமும் அதற்குத் தோதாக இருக்கிறது. வாடிக்கையாளர் விவரம் எதுவும் திரையில் வருகிற வேலையையும் இங்கே திறப்பதில்லை. பின்னால் நின்று பார்ப்பவர் இலை நறுக்குகிறவராக இருந்தாலும் அது முறை இல்லை.

அப்புறம் பணம். இரண்டு காபி, ஒரு மினி காபி. எப்போதாவது ஒரு மெதுவடை. தம்பிக்கு இருபது ரூபாய் தட்டில் வைப்பேன், தீபாவளிக்கு எல்லோருக்கும் இனாம். எல்லாம் சேர்ந்தாலும் கஃபேயில் ஒரு கப்புச்சினோவுக்குக் குறைவு. ஆனால் மலிவு என்பதற்காக இங்கே போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வேலை முடிகிறது, அதனால் போகிறேன். பத்தேகாலிலிருந்து பதினொன்றே முக்கால் வரைக்கும் எழுதுவது, வீட்டில் மாலை வரை எழுதுவதற்குச் சமம். பன்னிரண்டுக்கு இலை விழப்போகிறது என்ற பயம் எந்த டெட்லைனை விடவும் நன்றாக வேலை செய்கிறது.

முகூர்த்த நாட்களில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. மண்டபத்துக்கு வந்த கூட்டம் காலையிலேயே ஹாலை நிறைத்துவிடும். ஆடி மாதமோ இன்னும் மோசம். கோட்டை மாரியம்மன் திருவிழா தொடங்கிவிட்டால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் டவுனில்தான். காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே இடைவெளியே இருக்காது. ஃபேமிலி ரூமில் நிஜமாகவே ஃபேமிலிகள் உட்கார்ந்திருப்பார்கள், குழந்தைகள் பிளக் பாயின்டில் விரலை விடாமல் அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நாட்களில் நான் உள்ளே எட்டிப் பார்த்தாலே தம்பி கையை விரித்துவிடுவார். நின்றபடி ஒரு காபியைக் குடித்துவிட்டு ஃபேர்லாண்ட்ஸுக்கு ஆட்டோ பிடிப்பேன். 180 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வைஃபை பாஸ்வேர்டு பில்லிலேயே அச்சடித்திருக்கும்.